ஒரு நாயா, ரெண்டு நாயா?

குதிரையிலிருந்து விழுந்து காலில் கட்டோடு கிடந்த ஜமீன்தார், பல்லக்குத் தூக்கும் மாசிலாமணியைக் கூப்பிட்டார். "இயேசுவோட கல்லறையில ஒரு தேவதூதன் இருந்தான்னு உங்க வேதத்துல ஒருத்தன் எழுதியிருக்கான், ரெண்டு பேருன்னு இன்னொருத்தன் எழுதியிருக்கான். அப்ப அத்தனையும் புளுகுதானே? பதில் சொல்லுலே, இல்லேன்னா உங்க ஜெபக்குடிசையை இடிச்சிருவேன்."

"நீங்க விழுந்ததைப் பார்த்தவங்களைக் கொஞ்சம் விசாரிங்க எசமான்" என்றான் மாசிலாமணி. அன்று கூட வந்த இரண்டு வேலைக்காரர்களை ஜமீன்தார் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒரு நாய் குறுக்க வந்துச்சு, குதிரை மிரண்டுட்டு" என்றான் குதிரைக்காரன்.

"ஒண்ணு இல்ல, ரெண்டு நாய்!" என்று சண்டைக்கு வந்தான் குடைபிடிக்கிறவன்.

"பேச்சு ஒத்துப்போகலையே எசமான். அப்ப நீங்க விழவே இல்லையோ?" என்றான் மாசிலாமணி.

ஜமீன்தார் காலைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டார். "சரிலே, குடிசை இருக்கட்டும். ஆனா இதனால உன் வேதம் நிசம்னு ஆயிருமா?"

"ஆகாது எசமான். புளுகுன்னும் ஆகாதுங்க."