நடேசன் குரல்

ஒரு புதுக் கம்ப்யூட்டரின் முகப்பில் ஷார்ட்கட் எனப்படும் குறுக்குவழி ஒருவன் குடியிருந்தான். நெற்றியில் ‘நடேசன் குரல்’ என்று பெயர். காலடியில் ஒரு சின்ன அம்புக்குறி. அந்த அம்பை அவன் தனக்கு வாய்த்த அழகு மச்சம் என்றே நினைத்திருந்தான்.

மரகதம் அவனை இரண்டு தட்டுத் தட்டினால் போதும். செத்துப்போன அவள் வீட்டுக்காரர் நாற்பது விநாடி பேசுவார். உலகத்தில் வேறெங்கும் அந்தக் குரல் மிச்சமில்லை.

“பார்த்தியா, ஆளையே எழுப்பிக் கொண்டாந்துட்டேன்!” என்று பக்கத்திலிருந்த குப்பைத்தொட்டியிடம் பீற்றிக்கொள்வான்.

“நீ எழுப்பலடா. உள்ளே ஆவணங்கள்னு ஒரு அறை. அதுக்குள்ளே குடும்பம்னு ஒரு அறை. அங்கே உட்கார்ந்துதான் அவர் பேசறார். நீ கைகாட்டி, அவ்வளவுதான்,” என்றது தொட்டி, கரகரத்த குரலில்.

“நீ கைகாட்டி, அவ்வளவுதான்,” என்று அதே கரகரப்பில் திருப்பிச் சொல்லி, வயிறு வலிக்கச் சிரித்தான். பிரிண்டரின் முனகலும் அவனுக்கு அத்துப்படி.

ஒரு மத்தியானம் மரகதம் உள்ளறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். போனில் தங்கச்சி சுகந்தி.

“ஏன்டி, இவர் குரல் வெளியேயும் இருக்கு, உள்ளேயும் இருக்கே?”

“ரெண்டு எதுக்குக்கா, இடத்தை அடைச்சுக்கிட்டு? கண்ணுக்கு முன்னால இருக்கறதை வெச்சுக்க. உள்ளே இருக்கறதை அழிச்சிடு. அப்படியே குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிடு.”

“இரு, ஒண்ணொண்ணா செய்யறேன்.”

அழித்தாள். குறுக்குவழிக்கு ஏகக் குஷி. இனி நடேசன் என்றால் தான் ஒருவன்தானே!

ஒத்திகை பார்க்க வாயைத் திறந்தான். தொட்டியின் கரகரப்பு வந்தது. பிரிண்டரின் முனகல் வந்தது. நடேசன் வரவில்லை.

உள்ளே ஓடினான். ஆவணங்களைக் கடந்து குடும்பம் அறைக்குள் எட்டிப் பார்த்தான். ரேஷன் கார்டும் கல்யாணப் போட்டோவும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. நடுவே விரல் நுழையக்கூட இடைவெளி இல்லை.

“இங்கே நடேசன்னு ஒருத்தர் இருந்தாரே?”

“யாரு அது?” என்றது கல்யாணப் போட்டோ. அதற்குள்ளே நடேசன் கழுத்தில் மாலையோடு நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி ஓடிவந்தான். குப்பைத்தொட்டி இறுக மூடியிருந்தது. அதன் வயிற்றுக்குள்ளிருந்து யாரோ மெதுவாக இருமினார்.

“அவரை விடு!”

“அவ சொன்னாத்தான் விடுவேன். என்னைக் காலி பண்ணிட்டா அதுவும் முடியாது. போய் உண்மையைச் சொல்லு. கேட்டுட்டு அவ உன்னையே அழிச்சாலும் அழிப்பா.”

அப்போது மேலே இரண்டு தட்டு விழுந்தது.

“இருடி, காலி பண்றதுக்கு முன்னால ஒரு தடவை கேட்டுக்கறேன்,” என்றாள் மரகதம்.

குறுக்குவழி தன் காலடி அம்புக்குறியைக் குனிந்து பார்த்தான். பிறகு, முதல் முறையாக, யாருடைய குரலும் இல்லாத ஒரு குரலில் பேசினான். அது ஒரு சின்னப் பெட்டியாகத் திரையில் எழுந்தது.

‘நான் அவர் இல்லை. அவர் குப்பைத்தொட்டியில் இருக்கிறார். அவரைத் திரும்பக் கொண்டுவரவா? என்னை அழித்துவிடவா?’

“ஐயையோ,” என்றாள் மரகதம்.

“என்னக்கா? ஹலோ?”

மரகதத்தின் விரல் முதல் கேள்வியை அழுத்தியதும், தொட்டியின் மூடி திறந்துகொண்டது. உள்ளறையில் ரேஷன் கார்டு நகர்ந்து உட்கார்ந்தது.

மறுபடியும் இரண்டு தட்டு. யாரோ தன் ஊடாக நடந்து போவதுபோல் குறுக்குவழிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

“மரகதம்... நான்தான். கதவைத் திற.”

அவன் மூச்சுக்கூட விடாமல், முடிந்த மட்டும் அகலமாகத் திறந்து நின்றான்.