வராத காய்ச்சலுக்குச் சாட்சி

சிறந்த சுகாதாரப் பணிக்கான மாவட்ட விருதுப் பட்டியலில், கொசு ஒழிப்புப் பணியாளர் மரியசெல்வத்தின் பெயரும் இருந்தது. தேர்வுக்குழுத் தலைவர் டாக்டர் தாணுமூர்த்திக்கு அது பொறுக்கவில்லை. கலெக்டர் முன்னிலையிலேயே அவளை மடக்கினார்.

“வீடு வீடாத் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவுறதெல்லாம் ஒரு சாதனையாம்மா? அதனாலதான் காய்ச்சல் வரலைங்கறே. வராத காய்ச்சலுக்குச் சாட்சி எங்கே?”

“இருக்குங்கய்யா. அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். நான் தொட்டி கழுவுற சுண்ணாம்புக்காரத் தெருவுல நீங்க வச்சிருந்த கிளினிக்கை ஏன் மூடிட்டீங்க?”

“அதை ஏன் கேக்கறே! மழைக்காலம் முழுக்க ஈ ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தெருவுல ஒருத்தனுக்குக்கூடக் காய்ச்சல் வரலை!” என்று பொரிந்து தள்ளினார் டாக்டர்.

மரியசெல்வம் கலெக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“சாட்சி சொல்லி முடிச்சுட்டாருங்கய்யா.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விருதுக் கேடயத்தை டாக்டர் கையாலேயே கொடுக்க வைத்தார் கலெக்டர்.