பலூனுக்கு அடியில்

“என் பக்கங்களைத் திருப்பிக் குடுத்துருங்க, டீச்சர்.”

மாசிலாமணி உட்காரவில்லை.

ஐம்பதைத் தாண்டியவர். மின்வாரிய அலுவலகத்தில் வேலை. தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், ஞாயிறுதோறும் காமிக்ஸ் போடக் கற்றுக்கொண்டிருந்தார். சொல்லித்தரும் ஜெஸிந்தாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மனசாரத்தான்.

“நாளைக்கு நம்ம இதழ் அச்சுக்குப் போகுது, சார்.”

“அதான் இன்னைக்கே வந்தேன்.”

அந்த இதழில் அவருக்கு நாலு பக்கம். அப்பாவின் கதை. வேறு எதையும் வரைய அவருக்கு ஆசையில்லை. இது ஒன்று ஒழுங்காக வந்தால் போதும் என்றுதான் பென்சிலைத் தொட்டார். இப்போது, தொட்டதே தப்போ என்று அரித்துக்கொண்டிருந்தது.

“என்ன குறை?”

“எனக்கு வரைய வராது. அதுதான் குறை.”

எதிரே ஸ்கேலும் கையுமாக இருந்த காஜா நிமிர்ந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்; அதே வகுப்புதான்.

“வரைய வராட்டி என்னண்ணே, பேச வருதே! உங்க அப்பா மைக்கைப் பிடிச்ச மாதிரில்லா பேசுதாரு. ஒரு கட்டத்துல பேச்சு பலூனுக்கு வெளிய மூக்கு மட்டுந்தான் தெரியுது.”

“தமிழ் வார்த்தை நீளம். பலூன் பெருசாத்தான் வரும்,” என்றார் மாசிலாமணி வெடுக்கென்று.

பேச்சைத் தனித்தாளில் எழுதி, பலூனாக வெட்டி, படத்தின் மேல் ஒட்டுவது அவர் வழக்கம். ஒட்டு வேலையில் மட்டும் அந்த வகுப்பில் யாரும் அவர் கிட்டே நிற்க முடியாது.

ஜெஸிந்தா கடைசிப் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ரயில் நிலையம். மகன் வேலைக்குப் போகிறான். ஜன்னலுக்கு வெளியே அப்பா. இருவருக்கும் நடுவே பெரிய பலூன்.

“இதைப் படிங்க, சார்.”

“‘மகனே, புது ஊர். உடம்பைப் பார்த்துக்கொள். போனதும் கடிதம் போடு. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே.’”

“அப்பா இப்படியா சொன்னாங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒண்ணும் சொல்லல. டீ வாங்கி ஜன்னல் வழியா நீட்டினாரு. அவ்வளவுதான்.”

“டீ எங்க?”

“அடியில இருக்கு.”

“எதுக்கு அடியில?”

“பலூனுக்கு.” அவர் குரல் இறங்கியது. “கை வரல, டீச்சர். ஒரு கோடு போட்டா இன்னொண்ணு சரின்னு தோணுது. அதைப் போட்டா முதல்ல போட்டதே தேவலைன்னு இருக்கு. கோட்டு மேல கோடா இழுத்து, பேப்பரே கிழியப் போச்சு. ஒட்டி மூடிட்டேன்.”

“மத்த பலூனெல்லாம்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காஜா சிரிக்க வாயைத் திறந்தார். ஜெஸிந்தா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அவள் கட்டரை எடுத்தாள்.

“வேண்டாம், டீச்சர். அசிங்கமா இருக்கும்.”

“திருப்பித் தரதுக்கு முன்னால ஒருதரம் பாத்துக்கிடுதேன், சார்.”

பலூனின் ஓரத்தில் நுனியைக் கொடுத்து மெல்ல நெம்பினாள். பசை விட்டது. மகனே என்று தொடங்கிய பேச்சு முழுவதும் சுருண்டு மேசையில் விழுந்தது.

மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். தாளைக் காஜாவின் பக்கம் தள்ளினாள்.

நீட்டிய ஒரு கை. அதைச் சுற்றி ஐந்தாறு கோடுகள், ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு. எது விரலின் ஓரம் என்று சொல்ல முடியாது. டம்ளரும் அப்படித்தான்.

அடுத்த கேலி எப்போது வரும் என்று மாசிலாமணி காத்திருந்தார்.

வரவில்லை.

“அண்ணே,” என்றார் காஜா மெதுவாக. “அப்பாவுக்குக் கை நடுங்குமா?”

மாசிலாமணி சட்டென்று திரும்பினார்.

“உனக்கு யாருப்பா சொன்னா?”