பத்தொன்பது நல்ல தண்ணீர்க் கிணறுகள்

"என் ஆய்வேட்டை எப்படியாவது சரிபண்ணித் தரணும்மா," என்றார் நம்புராஜன்.

"என்ன ஆச்சு சார்?" என்றாள் ஜுனைதா.

"புதுக் கம்ப்யூட்டர்ல திறந்தா கட்டம் கட்டமா வருது. அடிக்குறிப்பெல்லாம் எங்கேயோ ஓடிப்போச்சு. அட்டவணை பாதி ஒரு பக்கத்துல, மீதி இன்னொரு பக்கத்துல. ஆறு வருஷ உழைப்பு. மூணு மாசத்துல கொடுத்தாகணும்."

நம்புராஜனுக்கு ஐம்பத்தொரு வயது. ராமநாதபுரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியர். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துவந்தார். கடற்கரையோரக் கிணறுகளில் உப்பு எப்படி ஏறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. இருநூற்றுப் பன்னிரண்டு கிணறுகள். ஒவ்வொன்றிலும் குனிந்து தண்ணீர் எடுத்து அளந்திருந்தார். நாக்கிலும் விட்டுப் பார்த்திருந்தார்.

ஜுனைதாவுக்கு இருபத்தொன்பது வயது. ஒரு கல்லூரி நூலகத்தின் கடைசி அறையில் வேலை. ஃபைல் கெட்டுப்போனால் அவளிடம் போங்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"கொடுங்க சார். முதல்ல கேட்டுர்றேன்."

"பாத்துர்றேன்னு சொல்லும்மா."

"கேட்டுர்றேன் சார்."

அப்போதுதான் அவர் கவனித்தார். அவள் முன்னால் இருந்த திரை அணைந்தே கிடந்தது.

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டர் வாயைத் திறந்து படித்தது.

"எல். பி. சாய்கோடு. கே. கே. சதவீதக் குறி. காலியிடம். காலியிடம். காலியிடம். டபிள்யூ."

"என்னம்மா இது?"

"உங்க முதல் அத்தியாயத்தோட தலைப்பு சார்."

நம்புராஜனுக்கு முகம் சுண்டிப்போனது.

"தமிழ்லதானே எழுதினேன்."

"பழைய எழுத்துரு சார். இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டிவிட்டிருக்காங்க. கண்ணால பாக்கறவங்களுக்குத் தமிழ். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் இதுதான்."

"தலைப்பை நடுவுல போட்டு, பெருசாக்கி, கொட்டை எழுத்துல வச்சிருக்கேனே."

"பெருசா இருந்தா எனக்குக் கேக்காது சார். இது தலைப்புன்னு நீங்க எந்த இடத்துலயும் சொல்லவே இல்லையே."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அவள் அவருக்காகத் திரையைப் போட்டு, வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தாள். வரி இல்லை, ஓரம் இல்லை, அலங்காரம் ஒன்றும் இல்லை.

"இதுல சொல்லை மட்டும் எழுதுங்க. தலைப்புன்னா முன்னாடி ஒரு குறி. அடிக்குறிப்புக்கு ஒரு குறி. அது எங்க நிக்கணும், எவ்வளவு பெருசா நிக்கணும்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்."

"மறுபடியும் முதல்லேர்ந்தா?"

"பழைய எழுத்தைப் புதுசா மாத்த நான் ஒரு நிரல் எழுதித் தர்றேன். ஆனா ஒவ்வொரு வரியையும் நீங்க படிச்சுத்தான் உள்ள விடணும்."

"நான் கேட்டது ரிப்பேர். நீ வேற வீடு கட்டச் சொல்றே."

அவர் கோபமாக எழுந்து போய்விட்டார்.

நான்காம் நாள் திரும்பி வந்தார்.

*

மதியம்தோறும் வகுப்பு முடிந்ததும் வந்து உட்கார்ந்தார். வரிவரியாகப் படித்து உள்ளே விட்டார். தான் எழுதியதைத் தானே முழுசாகப் படிப்பது இதுதான் முதல் தடவை என்று அவருக்குப் பட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜுனைதா அவருக்கென்றே ஒரு குறி செய்து கொடுத்தாள். கிணறு என்று எழுதி எண்ணைப் போட்டால் போதும். ஊர், சொந்தக்காரர், ஆழம், உப்பளவு எல்லாம் ஒரே பட்டியலிலிருந்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒருநாள் அவர் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று தலையில் கை வைத்தார்.

"என்ன சார்?"

"நூத்திப் பதினேழாம் கிணறு. ஆறு புள்ளி ரெண்டு மீட்டர் ஆழம். ரெண்டு புள்ளி ஆறுன்னு எழுதிவச்சிருக்கேன். எத்தனை பக்கத்துல இருக்கோ தெரியலையே. சராசரியும் தப்பு. படமும் தப்பு."

"பட்டியல்ல மாத்துங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லை."

மாற்றினார். அவள் பொத்தானை அழுத்தினாள்.

அவர் நம்பாமல் பழைய அச்சுப் பிரதியை எடுத்து, பென்சிலோடு ஒவ்வொரு பக்கமாகத் திரையோடு ஒப்பிட்டார். அட்டவணையில் மாறியிருந்தது. வரைபடத்தில் அந்தப் புள்ளி கீழே இறங்கியிருந்தது. சராசரி மாறியிருந்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியத்தின் நடுவே, அவரே மறந்துபோன இடத்திலும் மாறியிருந்தது. மொத்தம் பதினான்கு இடம்.

எழுந்து நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை.

"உக்காருங்க சார்," என்றாள் அவள். நாற்காலிச் சத்தம் கேட்டிருக்கும்.

"சரிங்க டீச்சர்," என்றார்.

அன்றிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டார்.

*

அவள் வைத்த ஏற்பாடுகளில் ஒன்று மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

எதை மாற்றிச் சேமித்தாலும் அது ஒரு கேள்வி கேட்டது. ஏன் மாற்றினீர்கள்? ஒரு வரி பதில் எழுத வேண்டும்.

"எழுதலைன்னா டீச்சர்?"

"மாத்தினதை ஏத்துக்காது."

"சின்னப் பிள்ளைகிட்ட கேக்கற மாதிரி இருக்கே."

அவள் சிரித்தாள்.

முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். எழுத்துப் பிழை. கிணற்றுக்காரர் பெயர் தவறு. இந்தப் பத்தி எனக்கே புரியவில்லை. அந்த வரிகளெல்லாம் தேதியோடு அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே போயின. ஆய்வேட்டை வெளியிடும்போது அவற்றையும் கூடவே வெளியிடலாம் என்றாள் ஜுனைதா. அவர் சரியென்று தலையாட்டினார். தலையாட்டியது அவளுக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, வாயாலும் சொன்னார்.

*

கொடுக்க வேண்டிய நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் தேவசகாயம் வரைபடத்தை மேசைமேல் விரித்தார்.

கடலை நெருங்க நெருங்க உப்பு கூடும். நம்புராஜன் ஆய்வின் முடிவு அதுதான். நூற்றுத் தொண்ணூற்று மூன்று கிணறுகள் அதற்கு ஒத்துவந்தன. பத்தொன்பது வரவில்லை. அந்தப் பத்தொன்பதும் அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தன. அவற்றில் இருந்ததெல்லாம் நல்ல தண்ணீர்.

"இதுக்கு என்ன காரணம் சொல்றீங்க?"

"மண்ணைப் பாத்தேன், மழையைப் பாத்தேன். பிடிபடலை சார்."

"அப்ப இந்தப் பத்தொன்பதையும் எடுத்துருங்க. கோடு நேரா வந்துரும். வாய்மொழித் தேர்வுல யாரும் மடக்க மாட்டாங்க."

நம்புராஜன் நேராக நூலகத்துக்கு வந்தார். பட்டியலைத் திறந்தார். பத்தொன்பது வரிகளையும் எடுத்தார். கோடு நேராக வந்தது. ஆறு வருடத்தில் அப்படி ஒரு அழகான கோட்டை அவர் பார்த்ததில்லை.

சேமித்தார்.

ஏன் என்று கேட்டது.

அளவீட்டுப் பிழை என்று எழுதினார். ஒவ்வொரு கிணற்றுக்கும் மூன்று தடவை போயிருந்தார். எழுபத்தொன்றாம் கிணற்றுக்கு ஐந்து தடவை. அழித்தார்.

வழிகாட்டி சொன்னதால் என்று எழுதினார். அது உண்மைதான். அந்த இரண்டு சொல் வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழித்தார்.

பக்கத்து மேசையில் ஜுனைதா விரலால் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், என்ன எழுதினாலும் ஏத்துக்குமா?"

"ஏத்துக்கும் சார். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. வெறுமையா மட்டும் விடக் கூடாது."

"இதையெல்லாம் யாரு படிக்கப்போறா?"

"இன்னைக்கு யாரும் இல்லை."

எழுத வேண்டிய இடத்தில் குறி மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வரிதான். இருநூற்றுப் பன்னிரண்டு கிணற்றைப் பற்றி முந்நூறு பக்கத்துக்கு மேல் எழுதியவருக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

அப்படியே மூடினார்.

'காரணம் எழுதப்படவில்லை. மாற்றம் பதிவாகவில்லை.'

பட்டியலைத் திறந்து பார்த்தார். பத்தொன்பதும் இருந்த இடத்திலேயே இருந்தன.

மறுநாள் புதிதாக ஒரு அத்தியாயம் எழுதினார். ஒரே ஒரு பக்கம். பத்தொன்பது கிணற்றின் ஊர், சொந்தக்காரர் பெயர், கடலிலிருந்து தூரம், தண்ணீரின் ருசி. கடைசி வரியில், 'காரணம் தெரியவில்லை.'

சேமித்தபோது வழக்கம்போல் கேட்டது.

தெரியாததால் என்று எழுதினார்.

*

"தெரியலைன்னு எழுதின ஆய்வேட்டுல நான் இதுவரைக்கும் கையெழுத்துப் போட்டதில்லை," என்றார் தேவசகாயம்.

நம்புராஜன் கொண்டுவந்திருந்த காகிதக் கட்டை மேசைமேல் வைத்தார். சேர்ந்துபோயிருந்த காரணங்கள் அத்தனையும் அச்சில். ஆயிரத்துக்கு மேல் வரிகள்.

பேராசிரியர் சலிப்போடுதான் புரட்ட ஆரம்பித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பியூன் காபி கொண்டுவந்து வைத்தான். அது ஆடை கட்டிப்போனது. சாப்பாட்டு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

ஒரு வரியில் விரல் நின்றது.

'வழிகாட்டி கேட்ட கேள்வியால் எண்பத்தெட்டாம் கிணற்றை மறுபடி அளந்தேன். அவர் சந்தேகப்பட்டதே சரி.'

"இதைக்கூடவா எழுதிவச்சீங்க?"

"அது கேட்டுச்சு சார்."

தேவசகாயம் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

*

"ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேட்டாள் ஜுனைதா.

"நீங்களே அழுத்துங்க டீச்சர்."

"எழுதினது நீங்க."

அவர் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினார்.

வெறும் சொல்லும் குறியுமாகக் கிடந்ததெல்லாம் எழுந்து நடப்பதுபோல் இருந்தது. முந்நூற்று எண்பத்தாறு பக்கம், பல்கலைக்கழகம் கேட்ட ஓரம், கேட்ட எழுத்து, கேட்ட வரிசை. அடிக்குறிப்புகள் தங்கள் தங்கள் பக்கத்தின் அடியில் போய் உட்கார்ந்தன. அதே சொற்களிலிருந்து இணையத்தில் ஒரு புத்தகமும் கிளம்பியது. அதிலிருந்து கிணற்றுக்கு ஒன்றாக இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள், போனில் படிக்கிற அளவில். எல்லாம் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து வைப்பதற்குள்.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். எதையும் தொட அவருக்கு மனம் வரவில்லை.

ஜுனைதா தன் பங்குக்குக் குரலைத் திறந்தாள். கம்ப்யூட்டர் தெளிவான தமிழில் படித்தது. அவள் நேராக அந்த ஒரு பக்க அத்தியாயத்துக்குப் போனாள். ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு பெயராக, பத்தொன்பதையும் தலை குனிந்து கேட்டாள்.

*

பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வில் அந்த ஒரு பக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு போன்.

"வாத்தியாரே, நான் பஞ்சவர்ணம் பேசறேன். கடல்ல பாசி எடுக்கப் போவேனே, என் வீட்டுக் கெணத்தை நீங்க அளந்தீங்க. போன்ல எங்க கெணறு வந்திருக்கு. என் பேரு போட்டிருக்கு. காரணம் தெரியலைன்னு எழுதியிருக்கீங்களே."

"ஆமா தாயி. தெரியலை."

"நெசமாத்தானா?"

"நெசமாத்தான்."

"அப்ப ஒருநா வந்துட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை போனார். ஜுனைதாவும் கூட வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடந்தார்கள். பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது.

பஞ்சவர்ணம் வாளியை மெதுவாக விட்டாள். மேலாக மொண்டு மெதுவாக இழுத்தாள். ஜுனைதாவின் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினாள். ஜுனைதா குடித்துவிட்டுக் கையை உதறாமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

இரண்டு குடம் நிறைந்ததும் பஞ்சவர்ணம் கயிற்றைச் சுருட்டினாள்.

"இன்னும் ஒரு வாளி இறைங்களேன் தாயி," என்றார் நம்புராஜன். "சோதனைக்கு வேணும்."

"இறைக்க மாட்டோம் வாத்தியாரே. விடிஞ்சா ரெண்டு குடம், பொழுது சாஞ்சா ரெண்டு. எந்த வீடா இருந்தாலும் அம்புட்டுத்தான். மேல நிக்கறது மழைத் தண்ணி. அதுக்கு அடியில உப்புத் தண்ணி படுத்துக் கிடக்கு. நாம கூடுதலா அள்ளுனா அந்த இடத்துக்கு அது ஏறி வந்துரும். மோட்டார் வச்ச கெணறு பூராம் கரிச்சுப்போச்சுல்ல?"

நம்புராஜன் கிணற்றைப் பார்த்தார். கயிறு மட்டும்தான் இருந்தது. மனசுக்குள் மற்ற பதினெட்டையும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் கயிறு. அவருடைய பட்டியலில் ஆழம் இருந்தது, தூரம் இருந்தது, மண், மழை, உப்பு எல்லாம் இருந்தன. எப்படி இறைக்கிறார்கள் என்பதற்கு ஒரு கட்டம் இல்லை.

கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவான ஆழத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அந்தத் தண்ணீரை அத்தனை வருடமும் அத்தனை பேர் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

"ஆறு வருஷமா வந்து போனேனே தாயி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பஞ்சவர்ணம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"படிச்சவருக்குத் தெரியாதான்னு இருந்தோம். இப்பத்தானே தெரியலைன்னு எழுதியிருக்கீங்க."