மீதி வராத எண்

மழை அடங்காத ஒரு காட்டில், பாறைப் பொந்து ஒன்றில் கோடன் என்னும் அணில் இருந்தது. அதற்குக் கூச்சமும் அதிகம், கணக்கும் அதிகம். பொந்துக்குள் வாதுமைக் கொட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தது. மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. அதற்குமேல் ஒன்று கிடைத்தாலும் வைத்துக்கொள்ளாது.

ஏன் தெரியுமா, குழந்தைகளே? அந்த எண்ணை இரண்டு பேருக்குப் பிரித்தாலும் மீதி வராது. மூன்று பேருக்கும் வராது. ஏழு, எட்டு, ஒன்பது என்று பத்துப் பேர்வரை எப்படிப் பிரித்தாலும் வராது. அதைவிடச் சிறிய எண் எதற்கும் அந்தக் குணம் இல்லை. மீதி வந்தால்தான் சண்டை வரும் என்று கோடன் நம்பியது.

ஒருநாள் காட்டாறு கரையை உடைத்தது. எங்கும் வெள்ளம். ஒன்பது விலங்குகள் தப்பி வந்து பாறையில் ஏறின. கோடனோடு சேர்த்துப் பத்து.

"ஆளுக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு கொட்டை. வெள்ளம் வடியும்வரை தாங்கும்," என்றது கோடன்.

அப்போது கீழே ஒரு குரல். கழுத்தளவு நீரில், ஒரு வேரைக் கவ்விப் பிடித்திருந்த முள்ளம்பன்றி வாயை விடுவித்துக் கேட்டது:

"மேலே கொஞ்சம் இடம் இருக்குமா, அண்ணே?"

கோடன் மனத்துக்குள் பதினொன்றால் வகுத்தது. ஆளுக்கு இருநூற்று இருபத்தொன்பது. மீதி ஒன்று. அதன் வால் தொங்கிப்போயிற்று.

ஏறி வந்த ஒன்பதில் ஒன்றான குரங்கு கோடனின் காதருகே குனிந்தது. "வேண்டாம் கோடா. உன் அருமையான எண் கெட்டுப்போகும். அந்த ஒற்றைக் கொட்டைக்கு அடிதடி நடக்கும், பார்."

"என் எண்மேல் உனக்கு எப்போதிருந்து இவ்வளவு அக்கறை?"

"நண்பனாயிற்றே."

"பத்துப் பேரோடு நிறுத்தினால் உனக்கு இருபத்துமூன்று கொட்டை கூடுதல். அந்த நட்புதானே?"

குரங்கு முதுகைச் சொறிந்துகொண்டது.

நீர் முள்ளம்பன்றியின் மூக்கைத் தொட்டது. கோடன் ஒரு நொடி பொந்தைப் பார்த்தது. "மீதி வந்தால் வரட்டும்," என்று ஒரு கொடியைக் கீழே தள்ளியது. எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள்.

மேலே வந்த முள்ளம்பன்றி தயங்கியது. "கோபித்துக்கொள்ளாதே, அண்ணே. என் வீட்டுக்காரியும் அந்த மரத்துக்குப் பின்னால் ஒரு கிளையைப் பற்றிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேர் என்றால் விரட்டிவிடுவீர்களோ என்று பயந்துவிட்டேன்."

"சரியாய்ப் போச்சு," என்று முனகியது குரங்கு.

"அவளையும் கூப்பிடு," என்றது கோடன்.

பன்னிரண்டு குவியல்கள் வைத்தார்கள். ஆளுக்கு இருநூற்றுப் பத்து வந்தது. கோடன் பொந்துக்குள் கைவிட்டுத் துழாவியது. ஒன்றும் இல்லை. மறுபடி எண்ணிப் பார்த்தது. மீதியே இல்லை.

"பத்துக்கு மேல் நான் பிரித்துப் பார்த்ததே இல்லை," என்றது மெல்ல.

"பதின்மூன்றாவதாக ஒருவன் வந்தால்? அப்போது மீதி வருமே," என்றது குரங்கு.

"வரும். முதலில் அவனை மேலே ஏற்றுவோம். பிறகு வகுப்போம்."

நீதி: கணக்குப் பார்த்து உயிரைக் காக்காதே, உயிரைக் காத்த பிறகு கணக்குப் பார்.