இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

மலை சரிந்த மூன்றாம் நாள் அது. மழை விடவில்லை.

தேயிலைத் தோட்டத்திலிருந்து முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களின் விவரம் கணினியில் அடுக்கடுக்காக இருந்தது. லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பு வரிசை, அதற்குள் வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு பட்டியல், அதற்குள் உயிரோடு வந்தவர்களின் பெயர்கள்.

அந்த அடுக்குகளைப் பிரித்து ஆளுக்கொரு வரியாகத் தரும் நிரலை எழுதியவர் சவரிமுத்து. அதே தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கணக்கப்பிள்ளையாக இருந்து, ஓய்வுக்குப் பின் தரவுத்தளம் பயில வந்தவர். அவருக்குக் கற்பித்த தமயந்தி, அவரைவிட இருபது வயது இளையவர்.

"எத்தனை அடுக்கு இருந்தாலும் பிரித்துவிடும், டீச்சரம்மா. இருநூற்றுப் பதினோரு வரி. ஒரு பெயர்கூடத் தவறவில்லை."

"யாருக்குக் கொடுத்தீர்கள்?"

"மீட்பு அதிகாரிக்கு. எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்தாயிற்று, இனித் தோண்ட வேண்டாம் என்றார். தோண்டும் இயந்திரங்கள் மலையிறங்குகின்றன."

தமயந்தி திரையில் வீட்டு எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வந்தார்; நான்காம் லயத்தில் எட்டுக்கு அடுத்துப் பத்து இருந்தது.

"நான்காம் லயத்தில் எத்தனை வீடு, கணக்கப்பிள்ளை?"

"பட்டியலில் பதினொன்று."

"பட்டியலை நான் கேட்கவில்லை."

சவரிமுத்து திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் எடுப்பீர்களே. ஒரு வீட்டிலிருந்து ஒருவருமே வராவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"வீட்டு எண்ணை எழுதிக் கட்டத்தை வெறுமையாக விடுவேன்." அவர் சிரித்தார். "எண்ணையே எழுதாமல் விட்டால் தோட்டத்துத் துரை என்னைச் சும்மா விடுவாரா? அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தானே ஆள் அனுப்புவார், போய்க் கதவைத் தட்டிப் பார் என்று..."

சிரிப்பு பாதியில் நின்றது.

பெயர் இல்லாத பட்டியலைப் பிரித்தால் ஒரு வரியும் வராது. ஒருவரும் முகாமுக்கு வராத ஒரு வீடு, எண்ணோடு சேர்ந்து காணாமல் போயிருந்தது.

தமயந்தி அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, இயந்திரங்களைத் திருப்பச் சொன்னார். சவரிமுத்து நிரலைத் திருத்தினார். மீண்டும் ஓட்டியபோது ஒரு வரி கூடுதலாக வந்தது: நான்காம் லயம், ஒன்பதாம் வீடு.

"பெயர்க் கட்டத்தில் 'யாரும் இல்லை' என்று போடட்டுமா, டீச்சரம்மா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்படியானால் வெறுமையாக விடுங்கள். தோண்டிப் பார்த்தவர்கள் எழுதட்டும்."