உறுமிக்குப் பின்னால் ஒரு குக்கர்

ஓசை என்பதே தான் பிறந்த பிறகுதான் பிறந்தது என்று நம்புகிறவர் இசையமைப்பாளர் ருத்ரமூர்த்தி. வளசரவாக்கத்தில் வீட்டு அறையிலேயே பாடல்களுக்கு ஒலி கலந்து மிக்ஸிங் செய்யும் தமயந்தியின் வேலையைத் தயாரிப்பாளரோடு கேட்க வந்தவர், ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டார்.

“ஆறு மாசம் காட்டுல தனியா உட்கார்ந்து நானே பதிவு பண்ணின உறுமி! கொன்னுட்டியேம்மா. எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் நீக்கக் கூடாது. ஆனா அந்தக் காடு கேக்கணும். இல்லேன்னா ஆல்பத்துல உன் பேர் வராது.”

“அந்த இடம் கேட்டாப் போதுமா சார்?” என்றாள் தமயந்தி.

உறுமியை மட்டும் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அடி ஓய்ந்தபின் மிஞ்சும் மெல்லிய ஒலியை மேலே ஏற்றினாள். உறுமி முழங்கி அடங்கியது. அதனடியில் குக்கர் விசிலடித்தது. தொடர்ந்து ஒரு குரல்: “அடியே தமயந்தி, உறுமியை வெச்சுட்டு அடுப்பை அணைடி!”

“காட்டுல குக்கரா?” என்றார் தயாரிப்பாளர்.

“எங்கம்மா சார். மூணு வருஷம் முன்னால எங்க சமையலறையில நான் வாசிச்சு, இணையத்துல இலவசமாப் போட்ட சாம்பிள் இது. எதையும் நீக்கக் கூடாதுன்னாரே, அதான் அம்மாவையும் விட்டுவெச்சேன்.”

“உன் பேரோட அம்மா பேரையும் சொல்லும்மா, போட்டுடலாம்” என்றார் தயாரிப்பாளர்.

ருத்ரமூர்த்தி ஹெட்போனை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தலையாட்டினார். அதில் எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.